வெட்டு விழாத நாடகம்: எங்கள் ஒத்திகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கே, வாழையும் நெல்லும் விளைகிற பகுதியில் இயங்கும் சிறிய நாடகக் குழு எங்களுடையது. பகலில் வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இருக்கிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. மாணவர்களிடையே நடக்கும் சாதி வன்முறையைப் பற்றி ஒரு நாடகத்தை இப்போது ஒத்திகை பார்த்தும் ஊர்களில் போட்டும் வருகிறோம். பெற்றோர், ஆசிரியர்கள், ஊர்ப் பெரியவர்கள், காவல் நிலையத்தில் இருப்பவர்கள், புதிதாகச் சேர வருகிறவர்கள் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைக்கிறோம்.

ஊரே பயந்து கிடக்கிறது. இந்த நேரத்தில் இப்படி ஒரு நாடகம் தேவையா?

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும், அதே பள்ளி மாணவர்கள் இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில், தேர்வெழுதப் போய்க்கொண்டிருந்த மாணவரைப் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். அதற்கு அடுத்த மாதம் பாளையங்கோட்டையில் ஒரு வகுப்பறைக்குள்ளேயே எட்டாம் வகுப்பு மாணவர் தன் வகுப்புத் தோழனை அரிவாளால் வெட்டினார். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம்.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். அதிகாரிகள் வருகிறார்கள், சமாதானக் கூட்டம் நடக்கிறது, பஸ் நிறுத்தத்தில் சில நாள் காவலர்கள் நிற்கிறார்கள். பிறகு எல்லோரும் ‘பழசைக் கிளற வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்கள். பிள்ளைகளால் அப்படி எழுந்து போக முடியாது. மறுநாள் அதே பஸ்ஸில் ஏறி அதே பெஞ்சில்தான் அவர்கள் உட்கார வேண்டும். அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிகிறது, ஏனென்றால் ஒத்திகைக்கு வந்து பேசுகிறார்கள்.

கோயில் கொடை விழாவுக்கு வில்லுப்பாட்டு மாதிரி சந்தோஷமாக ஏதாவது போடக்கூடாதா?

இதைக் கேட்கிறவர்கள் வில்லுப்பாட்டைக் கடைசியாக எப்போது உட்கார்ந்து கேட்டார்கள் என்று எங்களுக்குச் சந்தேகம். முத்துப்பட்டன் கதையில் பிராமணப் பிள்ளை சக்கிலியர் வீட்டுப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்கிறான். மாமனாரோடு சேர்ந்து செருப்புத் தைக்கிறான். மாடு காக்கப் போன இடத்தில் கொல்லப்படுகிறான். மனைவிமார் தீயில் இறங்குகிறார்கள். இன்றைக்கும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில், பட்டவராயன் என்ற தெய்வமாகிவிட்ட முத்துப்பட்டனுக்குச் செருப்பைத்தான் காணிக்கையாக வைக்கிறார்கள். நெல்லைச் சீமையில் கொடை வாங்கும் தெய்வங்களில் எத்தனை பேர் வெட்டுப்பட்டும் எரிந்தும் செத்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரவு முழுக்கக் கொலையைப் பாட்டாகக் கேட்டுவிட்டு விடியற்காலையில் அழுது எழுந்து போகிற ஊர் இது. எங்கள் நாடகத்தைப் பார்த்து அது மிரண்டுவிடாது.

நாங்குநேரிச் சம்பவத்தைத்தான் நாடகமாகப் போடுகிறீர்களா?

இல்லை. போடவும் கூடாது. பாதிக்கப்பட்ட சிறாராக இருந்தாலும் குற்றம் சாட்டப்பட்ட சிறாராக இருந்தாலும் அவர்களை அடையாளம் காட்டக்கூடாது என்று 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. பெயரை மட்டும் மாற்றிவிட்டு வீடு, தெரு, மதிப்பெண் என்று மற்றதையெல்லாம் அப்படியே வைப்பது சட்டத்தை ஏமாற்றும் வேலை. அது போக, அந்தக் குடும்பம் உயிரோடு நம் கண் முன்னே வாழ்ந்துகொண்டிருக்கிறது. ஒரு பிள்ளையின் ரத்தத்தைக் கைதட்டலுக்காக இரண்டாம் முறை சிந்தவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

எங்கள் கதையில் மூன்று இடங்கள்: கீழத்தெருவில் ஒரு வீடு, மேலத்தெருவில் ஒரு வீடு, நடுவில் ஒரு டீக்கடை. நன்றாகப் படிக்கும் ஒரு பையனை, உடன் படிக்கும் சிலர் கடைக்குப் போய்வரச் சொல்லி ஏவுகிறார்கள். ஒருநாள் அவன் ‘நீயே போய் வாங்கிக்கொள்’ என்கிறான். மீதிக் கதை அந்த ஒரு வரியிலிருந்து கிளம்புகிறது.

சாதிகளின் பெயரை நாடகம் சொல்வதில்லை. ஆனால் எந்தத் தெருவில் உள்ளவன் ஏவுகிறான், எந்தத் தெருவில் உள்ளவன் வெட்டுப்படுகிறான் என்பதில் குழப்பம் எதுவும் வைக்கவில்லை. ‘இரண்டு பக்கமும் தப்பு இருக்கிறது’ என்று முடித்தால் எல்லா ஊரிலும் மாலை மரியாதையோடு போடலாம் என்று எங்களுக்கு ஆலோசனை சொன்னவர்கள் உண்டு.

வெட்டுகிற காட்சியே கிடையாதாமே. அப்புறம் அது என்ன வன்முறை பற்றிய நாடகம்?

புதிதாகச் சேரும் பையன்கள் எல்லோரும் ஏமாந்துபோகிற இடம் இது. சினிமாவில் பார்த்த மாதிரி மழை, மெதுவான நடை, முதுகுக்குப் பின்னாலிருந்து அரிவாளை உருவுவது என்று எல்லாவற்றையும் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். நாங்கள் மறுக்கிறோம். அரிவாள் ஒருமுறை அழகாகச் சுழன்றால் போதும். பதினாறு வயதுப் பார்வையாளன் வீட்டுக்குக் கொண்டுபோவது அந்தச் சுழற்சியைத்தான். வெட்டுப்பட்டவனின் கை அவன் நினைவில் நிற்காது.

எங்கள் நாடகத்தில் அரிவாள் முதல் காட்சியிலேயே வந்துவிடுகிறது. மேலத்தெரு அப்பா அதை வைத்து வாழைத்தார் வெட்டுகிறார், மட்டை கழிக்கிறார், பேத்திக்கு இளநீர் சீவிக் கொடுக்கிறார். களக்காட்டு வாழைச் சந்தைக்குத் தார் ஏற்றும் பகுதியில் அரிவாள் இல்லாத வீடு ஏது? வேலை முடிந்ததும் கழுவி, கூரைச் சந்தில் செருகி வைக்கிறார். அந்த இடத்தைப் பார்வையாளர்கள் நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அவர் அதை அவசரப்படாமல் செய்கிறார். பிறகு நாடகம் பள்ளிக்கூடத்துக்கும் பஸ்ஸுக்கும் டீக்கடைக்கும் போய்விடுகிறது. இரவு வருகிறது. விளக்கை அணைத்து, உடனே ஏற்றுகிறோம். விடிந்துவிட்டது. அப்பா தோப்புக்குக் கிளம்புகிறார், கூரைச் சந்தில் கை விடுகிறார். அரிவாள் இல்லை. மனைவியைக் கேட்கிறார். திண்ணைக்கு அடியில் பார்க்கிறார். மகனின் பாய் சுருட்டாமல் கிடப்பதைப் பார்க்கிறார். திரும்பவும் கூரைச் சந்தில் கை விட்டுத் துழாவுகிறார். வசனமே இல்லை.

அந்த அப்பாவாக நடிப்பவர் நிஜத்தில் வாழை விவசாயிதான். தொடக்கத்தில் இந்தக் காட்சியில் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். இப்போது தேட மட்டும் செய்கிறார். இரண்டாம் முறை துழாவும்போது அவர் விரல்கள் எதுவும் இருக்காது என்று தெரிந்தே தேடுகின்றன. ஒத்திகையில் டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த பெண், தண்ணீரை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெட்டுக் காட்சி வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதற்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள்.

மேடையில் இருப்பது நிஜ அரிவாளா?

மொட்டை அரிவாள்கூட அல்ல. செருப்புத் தைக்கிறவர்கள் அடிப்பாகத்துக்கு வைக்கும் கெட்டி ரப்பர் ஷீட்டை அரிவாள் வடிவத்தில் அறுத்து, அலுமினியப் பெயிண்ட் அடித்து, பிடிக்குச் சைக்கிள் டியூபைச் சுற்றியிருக்கிறோம். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் நிஜம்போலவே இருக்கும். கையில் வாங்கினால் வளையும். இளநீர் சீவும் காட்சியில் இளநீர் முன்பே சீவி வைக்கப்பட்டிருக்கும். சீவுகிறவர் சற்றுத் திரும்பிக்கொண்டால் போதும், யாருக்கும் தெரியாது.

இந்த ரப்பர் அரிவாளும் பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்கும். சாவி ஒருவரிடம். காட்சிக்கு முன் எடுத்துக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்கி வைப்பது அவர் வேலை. அதைப் பிடித்துக்கொண்டு யாரும் படம் எடுக்கக்கூடாது. ஆயுதத்தோடு ரீல்ஸ் போட்டதற்காகத் தென்மாவட்டங்களில் போலீசார் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ரப்பரா இரும்பா என்று வீடியோவில் யாருக்குத் தெரியும்? நாடகத்துக்கு வெளியே அந்தப் படம் போனால் அதற்கு அர்த்தமே வேறு.

அடிதடிக் காட்சிகளில் பிள்ளைகளுக்கு அடிபடாதா?

கழுத்தைப் பிடித்துத் தள்ளுவது, கன்னத்தில் அறைவது, தலைமுடியைப் பற்றி இழுப்பது என மூன்று காட்சிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் எழுதி வைத்த முறை உண்டு. ஒரு நடிகரும் அந்த நேரத்தில் ‘தோன்றியதை’ செய்ய முடியாது.

பொதுவான முதல் விதி: காட்சியைக் கட்டுப்படுத்துவது அடிவாங்குகிறவர், அடிக்கிறவர் அல்ல. அடி விழுவதற்கு முன் இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். அடிவாங்குகிறவர் தயார் என்று கண்ணால் சொன்ன பிறகுதான் கை நகரும்.

அறைவதில் கை கன்னத்தைத் தொடுவதே இல்லை. இருவருக்கும் இடையில் ஒரு கை நீளத்துக்கு மேல் இடைவெளி இருக்கும். பார்வையாளர்களுக்கு முதுகு காட்டி நிற்பவர் கையை வீசுகிறார், எதிரே நிற்பவர் தலையைத் திருப்பியபடியே தன் மார்புக்கு நேராகக் கையைத் தட்டிச் சத்தம் எழுப்புகிறார். தெருவில் போடும்போது நாலு பக்கமும் ஆட்கள் உட்கார்வதால் இந்த வித்தை செல்லாது. அப்போது ஓரத்தில் பறை வைத்திருப்பவர் ஒரு அடி அடிப்பார், நடிகர் தலையை மட்டும் திருப்புவார். சொல்லப்போனால் எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

முடியை இழுக்கும் காட்சியில் இழுப்பவரின் கை மூடிய முஷ்டியாகத் தலைமேல் சும்மா கிடக்கும். இழுபடுகிறவர் இரண்டு கைகளாலும் அந்த மணிக்கட்டைப் பிடித்துத் தன் தலையோடு அழுத்திக்கொண்டு, தானே நகர்வார். பார்க்கிறவர்களுக்கு அவர் விடுவித்துக்கொள்ளப் போராடுவதுபோலத் தோன்றும். கழுத்தைப் பிடிக்கும் காட்சியில் கை தொண்டையைத் தொடக்கூடாது. காறை எலும்பின்மேல் படியும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் முதலில் மிக மெதுவாகச் செய்து பழகுகிறோம். கால் வேகம், அரை வேகம் என்று ஏற்றி, முக்கால் வேகத்தோடு நிறுத்திவிடுகிறோம். முழு வேகம் நாடகத்துக்குத் தேவைப்படுவதில்லை. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால், முன்தினம்தான் போட்டிருந்தாலும், இந்த மூன்று காட்சிகளையும் அதே உடையில் அதே தரையில் ஒருமுறை செய்து பார்ப்போம். மணல் தரைக்கும் சிமெண்டுத் தரைக்கும் கால் வழுக்குவது வேறு வேறு. யார் வேண்டுமானாலும் ‘நில்’ என்று சொல்லலாம். சொன்னால் எல்லோரும் நிற்க வேண்டும். ஏன் சொன்னாய் என்று அப்போதே கேட்கக்கூடாது.

என் மகன் வெட்டுகிறவனாக நடிக்கிறான். அது அவன் மனதில் தங்கிவிடாதா?

நியாயமான பயம். நாங்கள் கண்டுபிடித்த பயமும் இல்லை, நம் கூத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கவனமாக இருந்த விஷயம். தெருக்கூத்தில் துகிலுரிதல் நடக்கும்போது துச்சாதனன் வேடக்காரர் சூடம் ஏற்றிக் கும்பிட்டு, தான் வேடம்தான் கட்டியிருக்கிறேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் திரௌபதியின் சேலையில் கை வைப்பார். தஞ்சைப் பகுதி இரணிய நாடகத்தில் நரசிம்மர் முகமூடியை அணிந்தவர் உக்கிரம் ஏறிப் பாயும்போது பிடித்து நிறுத்துவதற்கென்றே ஆட்கள் கூட நிற்பார்கள். வேடத்துக்குள் போகிறவனுக்கு வெளியே வரும் வழியையும் சேர்த்துத்தான் அவர்கள் நாடகத்தைக் கட்டினார்கள்.

நாங்கள் செய்வது எளிமையானது. ஒத்திகை முடிந்ததும் வேட உடையை அங்கேயே கழற்றி வைக்க வேண்டும். அதை அணிந்துகொண்டு வீட்டுக்குப் போக முடியாது. முகம் கழுவிவிட்டு வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் தன் சொந்தப் பெயரைச் சொல்லி, நாளைக் காலையில் தனக்கு என்ன வேலை இருக்கிறது என்று சொல்கிறார். ‘நாளைக்கு எனக்குக் கெமிஸ்ட்ரி டெஸ்ட்’, ‘நாளைக்கு ரேஷன் கடைக்குப் போக வேண்டும்’ என்று போகும். கேட்கச் சாதாரணமாக இருக்கும். அது சாதாரணமாக இருக்க வேண்டும் என்பதுதான் விஷயம். வெட்டுகிறவனாக நடித்தவரை அன்றைக்குத் தனியாக வீட்டுக்கு அனுப்புவதில்லை, யாராவது கூடப் போவார்கள். அவரை வேடப் பெயரால் கேலியாகக் கூப்பிடுவதும் தடை.

அந்த வேடத்தை ஒருவரே தொடர்ந்து செய்வதும் இல்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள்.

யார் எந்தச் சாதிக்காரராக நடிக்கிறார்கள்? அவரவர் சாதியையே நடிக்கிறார்களா?

சேரும்போது யாரிடமும் ‘நீங்கள் என்ன ஆட்கள்?’ என்று கேட்பதில்லை. ஆனால் இந்த ஊரில் அது ஒருவருக்கும் தெரியாது என்று பாசாங்கு செய்வதும் இல்லை. தெருப் பெயரைச் சொன்னாலே எல்லாம் தெரிந்துவிடுகிற ஊர்.

எங்கள் வழக்கம் இது: கீழத்தெருப் பையன் வேடத்தை, அன்றாட வாழ்க்கையில் அந்த அவமானத்தைப் படுகிறவர்மேல் சுமத்துவதில்லை. அவரே விரும்பிக் கேட்டால் கொடுக்கிறோம். ஏவுகிற வேடத்தை எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும், ஏவப்படுகிற வேடத்தையும்.

‘கடைக்குப் போய்வா’ காட்சிக்கு நாங்கள் வசனம் எழுதவே இல்லை. பையன்களையே பேசவிட்டோம். ஏவியவன் பணத்தை நீட்டாமல் பெஞ்சின்மேல் வைத்தான். முகத்தைப் பார்க்காமல், செல்போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்தான். இதையெல்லாம் எந்த நாடக ஆசிரியரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த சுற்றில் வேடம் மாறி அவன் ஏவப்படுகிறவனாக நின்றபோது, அந்தப் பணத்தை எடுக்கக் குனிய வேண்டியிருந்தது. குனிந்தவன் ‘நில்’ என்றான். அன்றைக்கு அந்தக் காட்சியை அதோடு விட்டுவிட்டோம்.

கைக்கயிறும் உண்டு. தென்மாவட்டப் பள்ளிகளில் மாணவர்கள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுவதும், அதைத் தடை செய்யச் சொல்லி 2024 ஜூனில் நீதிபதி சந்துரு தலைமையிலான குழு அரசுக்குப் பரிந்துரைத்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாடகத்தில் நிஜ நிறங்கள் எதையும் பயன்படுத்தாமல் சாம்பல் நிறக் கயிறும் வெள்ளைக் கயிறும் வைத்திருக்கிறோம். எந்த ஊரிலாவது யாராவது அந்த நிறத்துக்கும் உரிமை கொண்டாடி வந்தால் மாற்றிக்கொள்வோம்.

ஒத்திகையில் யாராவது தாங்க முடியாமல் அழுதுவிட்டால்?

நிறுத்துகிறோம். தண்ணீர் கொடுத்து, அவர் விரும்பும் ஒருவரோடு வெளியே உட்காரவிடுகிறோம். அவர் சொன்னதை நாடகத்தில் சேர்ப்பதில்லை. இதில் மட்டும் நாங்கள் பிடிவாதக்காரர்கள். அழுகையைக் கண்டதும் ‘அற்புதம், இதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்’ என்று துள்ளும் இயக்குநர்களை நான் பார்த்திருக்கிறேன். அது திருட்டு.

நாங்கள் மருத்துவர்கள் அல்ல. குழந்தைகளுக்கான 1098, பெண்களுக்கான 181, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய எண்கள் ஒத்திகைக் கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கின்றன. ஒரு பிள்ளைக்கு இப்போதும் வீட்டிலோ பள்ளியிலோ ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால், ரகசியமாக வைத்துக்கொள்வோம் என்று வாக்குக் கொடுப்பதில்லை. யாரிடம் சொல்லலாம் என்று அந்தப் பிள்ளையோடு சேர்ந்து முடிவு செய்கிறோம்.

பெண் பிள்ளையை இரவில் எப்படி அனுப்புவது?

எட்டு மணிக்கு ஒத்திகை முடிந்துவிடும். கடைசி டவுன் பஸ் போவதற்கு முன் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். கூடத்தில் எப்போதும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் இருப்பார்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்தே இருக்கும். அம்மா, அக்கா யாராவது வந்து உட்கார்ந்திருக்கலாம். உட்கார்ந்திருக்க வந்த இரண்டு அம்மாக்கள் இப்போது நடிக்கிறார்கள்.

போலீஸ் அனுமதி வாங்கினீர்களா? நாடகப் பிரதியைக் கொடுக்க வேண்டுமா?

பிரதியைக் கொடுக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரர்கள் 1876இல் கொண்டுவந்த நாடக நிகழ்ச்சிச் சட்டமும், அதன் வாரிசாக 1954இல் தமிழ்நாட்டில் வந்த சட்டமும் நாடகத்தை முன்கூட்டியே தணிக்கை செய்யும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்திருந்தன. பரீக்‌ஷா நாடகக் குழுவை நடத்திய ஞாநி தொடுத்த வழக்கில், தமிழ்நாட்டுச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1876ஆம் ஆண்டுச் சட்டத்தையும் பின்னர் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. இது தெரியாத குழுக்கள் இன்னும் பிரதியை நகலெடுத்துக்கொண்டு காவல் நிலையத்து வாசலில் நிற்கின்றன.

ஆனால் இடத்துக்கும் மைக் செட்டுக்கும் அனுமதி வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. அதற்கான மனுவைக் கொடுக்கப் போகும்போது கதையையும் நாங்களே சொல்லிவிடுகிறோம். மறைக்க எதுவும் இல்லை. தவிர, என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்த காவலர் நிகழ்ச்சியன்று அமைதியாக இருப்பார்.

யாராவது வந்து தகராறு செய்தால் என்ன செய்வீர்கள்?

நாடகம் போடப்போய் உயிரை விட்டவர்கள் இந்த நாட்டில் உண்டு. 1989 ஜனவரி 1 அன்று தில்லியை அடுத்த சாகிபாபாத்தின் ஜண்டாப்பூரில், ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் ‘ஹல்லா போல்’ என்ற தெரு நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டார்கள். ராம் பகதூர் என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். படுகாயமடைந்த குழுத் தலைவர் சஃப்தர் ஹாஷ்மி மறுநாள் இறந்தார். அவருக்கு 34 வயது. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மொலோயஸ்ரீயும் தோழர்களும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் அந்த நாடகத்தை முழுவதுமாக நடத்தினார்கள்.

எங்கள் பையன்கள் இந்தக் கதையைக் கேட்டதும் நரம்பு புடைக்க நிமிர்ந்து உட்கார்கிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது: அவர்கள் வளர்ந்தவர்கள், எதற்குத் துணிகிறோம் என்று தெரிந்து துணிந்தவர்கள். நம் குழுவில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வீரத்தை ஒத்திகை பார்ப்பது நம் வேலை இல்லை. வீரம் என்று சொல்லித்தான் அரிவாளையும் அவர்கள் கையில் கொடுக்கிறார்கள்.

ஆகவே ஏதாவது சம்பவம் நடந்து ஊர் பதற்றமாக இருந்தால் அந்தப் பக்கம் நிகழ்ச்சியைத் தள்ளிவைக்கிறோம். எந்த ஊரிலும் இரு தெருவிலிருந்தும் ஆட்கள் கூப்பிட்டால்தான் போகிறோம். கூச்சல் எழுந்தால், கூத்தில்போல இடையிடையே பேசி நாடகத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரனாக நடிப்பவர் நாடகத்தை நிறுத்திவிட்டுக் கூச்சல் போட்டவரையே பேசக் கூப்பிடுவார். பெரும்பாலும் அதோடு அடங்கிவிடும். கல் விழுந்தால் பிள்ளைகளை முதலில் வேனில் ஏற்ற வேண்டும். யார் யாரை ஏற்றுவது என்பதையும் ஒத்திகை பார்த்திருக்கிறோம்.

நாடகம் முடிந்ததும் பார்வையாளர்களை ஏன் நடிக்கக் கூப்பிடுகிறீர்கள்?

இது பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்தோ போவாலிடமிருந்து (1931–2009) கற்றுக்கொண்டது. நாடகத்தை மோசமான முடிவோடு முடித்து, மறுபடி முதலிலிருந்து போடுவோம். பார்க்கிறவர்கள் எந்த இடத்திலும் நிறுத்தி, ஒரு பாத்திரத்தின் இடத்தில் தாங்கள் வந்து நின்று வேறு மாதிரி நடந்து காட்டலாம். நடுவில் நின்று இதை நடத்த அவர் ஒரு ஜோக்கரை வைத்தார். நமக்குக் கட்டியங்காரன் இருக்கும்போது ஜோக்கர் எதற்கு?

ஒரு கட்டுப்பாடு உண்டு. அரிவாள் எடுக்கிறவனை மாற்றி நல்லவனாக்கிவிட முடியாது. அவன் திடீரென்று திருந்திவிட்டால் பிரச்சினையே இல்லையே! ஏவப்பட்டவன், அவன் நண்பர்கள், டீக்கடைக்காரர், கணக்கு வாத்தியார், மேலத்தெரு அம்மா ஆகியோரின் இடத்தில்தான் வர முடியும். முதலில் வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் திருப்பி அடிப்பார்கள். எங்கள் நடிகர்கள் அடுத்த காட்சியில் அதற்கான விலையைக் காட்டுவார்கள். அதன் பிறகுதான் சுவாரசியமான ஆட்கள் எழுந்து வருவார்கள். ஓர் ஊரில் வயதான பெண் ஒருவர் மேலத்தெரு அம்மாவின் இடத்துக்கு வந்தார். மகனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் காட்சி முடிந்ததுமே கூரைச் சந்திலிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த வீட்டில் கொடுத்து, ‘ஒரு வாரம் வைத்திரு’ என்றார். அவருக்கு எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று கட்டியங்காரன் கேட்டார். ‘அவன் மூன்று நாளாகச் சோற்றைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போகிறானே, நீ பார்க்கவில்லையா?’ என்றார். எங்கள் பிரதியில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. இப்போது இருக்கிறது.

பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பதினைந்து நிமிட விழிப்புணர்வு நாடகமாகச் சுருக்கித் தருவீர்களா?

மாட்டோம். அந்த நாடகம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். கெட்ட பையன் திருந்துவான், இருவரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், ‘ஒற்றுமையே பலம்’ என்று அட்டை பிடிப்பார்கள், சிறப்பு விருந்தினர் பொன்னாடை போர்த்துவார். பள்ளி விரும்பினால் முழு நாடகத்தையும் ஒரு பிற்பகலில் போட்டு, பிறகு பிள்ளைகளோடு பேச நேரம் ஒதுக்கட்டும். ஆசிரியர்களும் கூடவே உட்கார வேண்டும். கணக்கு வாத்தியார் வரும் காட்சியில் அவர்கள் கொஞ்சம் நெளிவார்கள்.

இதனால் வன்முறை குறைந்துவிடுமா?

ஒரு நாடகத்தால் குறையாது. சாதியை வைத்து ஓட்டு வாங்குகிறவர்களும் நிலம் வைத்திருப்பவர்களும் அப்படியேதான் இருப்பார்கள். எங்களால் சொல்ல முடிந்தது சிறியது: மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும் இருக்கிற இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் வாரத்தில் சில மாலைகள் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே சட்டியில் சுண்டல் சாப்பிடுகிறார்கள். ‘நில்’ என்றால் நிற்கப் பழகியிருக்கிறார்கள். தன்னை யாராவது சீண்டினால் உடனே சொல்ல ஓர் ஆள் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். ஒருமுறை பஸ்ஸில் வாய்த்தகராறு முற்றியபோது எங்கள் பையன் ஒருவன் ‘நில்’ என்று கத்தினானாம். யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் சிரித்துவிட்டார்களாம்.

செலவுக்கு என்ன செய்கிறீர்கள்?

துண்டு ஏந்துகிறோம். சாதிச் சங்கங்களிடமும் கட்சிகளிடமும் வாங்குவதில்லை. செலவும் அதிகம் இல்லை. செட், திரை எதுவும் கிடையாது. எடுத்துப்போக முடிகிற, மக்கள் நடுவில் போடுகிற, மலிவான அரங்கு என்று நாடகக்காரர் பாதல் சர்க்கார் வங்கத்தில் செய்துகாட்டியதைத் தமிழ்க் குழுக்கள் 1980இல் சென்னைக்கு அருகே சோழமண்டலத்தில் அவர் நடத்திய பயிலரங்கிலேயே கற்றுக்கொண்டுவிட்டன. வேன் வாடகைதான் பெரிய செலவு.

சேர என்ன செய்ய வேண்டும்?

சனி, ஞாயிறு மாலை நூலகத்துக்குப் பின்னால் உள்ள கூடத்துக்கு வாருங்கள். நடிக்க வர வேண்டும் என்பதில்லை. பறை அடிக்க, பெட்டிச் சாவி வைத்துக்கொள்ள, சிறு பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட, சுண்டல் அவிக்க எல்லாவற்றுக்கும் ஆள் குறைவு. இப்போதைக்கு அவசரமாகத் தேவைப்படுவது கணக்கு வாத்தியார் வேடத்துக்கு ஒருவர். முன்பு நடித்தவருக்கு நிஜமாகவே ஆசிரியர் வேலை கிடைத்து ராமநாதபுரம் போய்விட்டார்.